கம்ப்யூட்டர்ல நான் வருவேனா?

ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் ஃபாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை இறக்கிவிட்டுக்கொண்டே போகும். கூட்டம் குறைந்து ஜன்னல் வழியாகக் காற்று வர ஆரம்பிக்கிறது என்றால் சமயநல்லூர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மதுரைக்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் மின்தடை அறிவிப்புகளில் அத்துப்படி. 'சமயநல்லூர் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி நடப்பதால்...' என்று ஆரம்பித்து, நீளமாக ஊர்ப் பட்டியல் போகுமே, அந்தச் சமயநல்லூர்தான். திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கோ, 'மதுரை வந்துருச்சு, எந்திரி' என்று பக்கத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பும் இடம்.

எனக்கு இந்தப் பக்கம் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் இருக்கிறது. சமயநல்லூரைத் தாண்டி, நான்குவழிச்சாலையை விட்டுப் பிரியும் ஒரு சின்ன தார்ச்சாலையில் உள்ளே போக வேண்டும். வயல், தென்னந்தோப்பு, வைகையின் வாடை. சோழவந்தான் பக்கம் நெருங்க நெருங்க வெற்றிலைக் கொடிக்கால்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சோழவந்தான் வெற்றிலை.

போன மாசி மாதம் அக்கா மகள் போன் செய்தாள். சிவில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ''மாமா, சனிக்கிழமை சும்மாதான இருக்கீங்க? நம்ம ஊர்ப் பிரிவுல உக்காந்து வண்டி எண்ணணும். ஆள் பத்தல.''

வண்டி எண்ணுவதற்கு ஒரு மாமாவா என்று கேட்டேன். ''டீ வாங்கித் தர்றேன்'' என்றாள். போய்விட்டேன்.

வேலை எளிதானது போலத்தான் இருந்தது. ஒரு அட்டையில் காகிதம். கார், பஸ், லாரி, டூவீலர், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள், மாட்டுவண்டி என்று கட்டங்கள். வண்டி போனால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே. 15 நிமிஷத்துக்கு ஒரு முறை புதுக் காகிதம். காலை 7 மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் எனக்கு முதல் சந்தேகம். டி.வி.எஸ். எக்ஸ்எல் ஒன்று. அதன் மேல் புல்லுக்கட்டு. புல்லுக்கட்டுக்கு நடுவில் எங்கேயோ ஒரு மனிதர். அகலம் ஒரு கார் அளவு, வேகம் சைக்கிள் அளவு. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? ''டூவீலர்தான் மாமா'' என்றாள். அடுத்து ஒரு ஆட்டு மந்தை. ''ஆட்டுக்குக் கட்டம் இல்ல, விடுங்க.''

மூன்றாவதாக வந்தது வண்டி இல்லை, கேள்வி. கையில் அட்டையோடு இரண்டு பேர் ரோட்டோரம் உட்கார்ந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். ''ரோட்டை அகலப்படுத்தப் போறாகளா தம்பி? எந்தப் பக்கம் எடுப்பாக?'' அவர் வயல் இந்தப் பக்கம். சும்மா காலேஜ் பாடத்துக்காக என்று சொன்னதும் பாதி நம்பிக்கையோடு போனார். பிறகு இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். ரோடு நல்லா ஆகணும், ஆனால் நம் நிலம் போகக் கூடாது. அன்று காலை எண்ணியதில் கட்டம் இல்லாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கோடுகளை என்ன செய்வார்கள் என்பதை டீ குடித்துக்கொண்டே சொன்னாள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு. கட்சி இல்லை, 1934-ல் ஆரம்பித்த சாலைப் பொறியாளர்கள் சங்கம். நாட்டில் எந்தச் சாலை எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இவர்கள் புத்தகப்படிதான். 1990-ல் கிராமப்புறச் சாலைகளுக்கென்று போட்ட கையேட்டில் எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். கார் 1. டூவீலர் அரை. பஸ்ஸோ லாரியோ 3. டிரெய்லர் கட்டிய டிராக்டர் நாலரை. மாட்டுவண்டி 8!

ஒரு மாட்டுவண்டி எட்டு காருக்குச் சமம் என்று கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. ஆனால் அது பெருமைப்படுத்துவதற்கான கணக்கில்லை, எவ்வளவு இடைஞ்சல் என்பதற்கான கணக்கு. அறுப்புக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒரு மணி நேரத்தில் 10 போனால், 45 கார் போனதற்குச் சமம். இப்படிக் கூட்டி ஒரு நாள் கணக்கு எடுப்பார்கள். தார் 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தடச் சாலை சமவெளியில் ஒரு நாளைக்கு 2,000 கார் கணக்கைத் தாங்கும். 5.5 மீட்டர் என்றால் 6,000. இரண்டு தடம், அதாவது 7 மீட்டர் என்றால் 15,000. ஒன்றே முக்கால் மீட்டர் தார் கூடுதலாகப் போட்டால் மூன்று மடங்கு!

அப்புறம் என்ன, எண்ணு, கூட்டு, அட்டவணையைப் பார், அகலப்படுத்து, வேலை முடிந்தது, கம்ப்யூட்டர் எதற்கு? இப்படித்தான் நானும் கேட்டேன்.

''அட்டவணை சராசரி சொல்லும் மாமா. நம்ம பிரிவுல காலையில 8 மணிக்கு ஸ்கூல் வேன் திரும்பும்போது என்ன ஆகும்னு சொல்லாது.''

மத்தியானம் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பைத் திறந்தாள். சூமோ என்று பெயர். ஜப்பான் மல்யுத்தமும் இல்லை, டாடா வண்டியும் இல்லை. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2001 முதல் கொடுத்துவரும் போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள். இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து நம்மூர்ச் சாலையை அப்படியே எடுத்து உள்ளே போடலாம். இந்தப் பக்கத்திலிருந்து இத்தனை கார், அந்தப் பக்கத்திலிருந்து இத்தனை பஸ் என்று சொன்னால், ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக, முன்னால் போகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே ஓடும். சாலையை வெட்டாமல், ஒரு லோடு ஜல்லி இறக்காமல், பத்து விதமாகப் போட்டுப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிடலாம்.

முதல் ஓட்டம் பார்த்தேன். மஞ்சள் முக்கோணங்களாக வண்டிகள். எங்கள் ஊர்ப் பிரிவு அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் அவரவர் தடத்தில். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றவில்லை. பக்கத்துச் சாலையிலிருந்து வந்த வண்டிகள் மட்டும் வழி கிடைக்காமல் நின்றுகொண்டே இருந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு... நிஜத்தில் இவ்வளவு நேரம் யார் நிற்பார்கள்? மூக்கை நீட்டி, கையைக் காட்டி உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

திடீரென்று வரிசையின் முதல் வண்டி மறைந்துபோனது. கொஞ்ச தூரம் தள்ளி வேறு இடத்தில் தோன்றி ஓட ஆரம்பித்தது. விட்டலாச்சார்யா படம் மாதிரி இருந்தது.

''ஒரு வண்டி 5 நிமிஷம் நகராம நின்னா, அதுவே தூக்கி அங்கிட்டு வச்சிரும் மாமா. இல்லைன்னா மொத்தமும் அடைச்சுக்கும்ல. 300 விநாடின்னு மாத்தாம விட்டா இப்படித்தான்.''

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ''இதைக் கவனிக்காம ரிப்போர்ட் எழுதுனா, 'நெரிசலே இல்லை'ன்னு எழுதிருவோம்'' என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அமைப்பை நாமாக மாற்றாத வரைக்கும் இந்தத் திரை உலகத்தில் விபத்தே நடக்காது. பின்னால் வரும் வண்டி எப்போதும் பாதுகாப்பான வேகத்தில்தான் போகும். கணக்கே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கிராமப்புறத்தில். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105. ஆகவே விபத்தே நடக்காத ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, விபத்து நடக்கிற பிரிவைத் திருத்த உட்கார்ந்திருந்தோம்.

மோதலை அது காட்டாது, ஆனால் மோதலுக்கு எத்தனை விநாடி மிச்சமிருந்தது என்பதைக் கேட்டால் சொல்லும். ஒன்றரை விநாடி, இரண்டு விநாடி மிச்சத்தில் தப்பித்த சந்தர்ப்பங்களை எண்ணி, எந்த அமைப்பில் அது குறைகிறது என்று ஒப்பிடலாம். நம்மூர் பாஷையில் சொன்னால், 'மயிரிழையில் தப்பிச்சான்' கணக்கு.

வரிசையாக, தடம் பிசகாமல் ஓடும் ஜெர்மன் கணக்கை நம் சாலைக்குப் பொருத்துவது இன்று நேற்றைய பாடு இல்லை. அவளுடைய புராஜெக்ட் காகிதங்களைப் புரட்டியபோது எனக்கு ஆச்சரியம் தந்தது 1985-ல் வெளியான ஒரு கட்டுரை. இந்திய - ஸ்வீடன் சாலைப் போக்குவரத்து சிமுலேஷன். எழுதிய மூவரில் முதல் பெயர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் எஸ்.பி.பழனிச்சாமி. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கதை இதுதான். 1977 முதல் 1982 வரை, உலக வங்கி உதவியோடு டெல்லி மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தியது. எந்த மாதிரிச் சாலையில் ஓடினால் வண்டிக்கு எவ்வளவு எரிபொருள், எவ்வளவு டயர், எவ்வளவு நேரம் செலவாகிறது என்ற கணக்கு. ஸ்வீடனின் சாலை ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருவழிக் கிராமப்புறச் சாலைகளுக்கான சிமுலேஷன் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஸ்வீடனில் மாட்டுவண்டி ஏது? நம் ஒற்றைத் தடச் சாலை ஏது? எதிரே வண்டி வந்தால் இரண்டு பேரும் அல்லது ஒருவர் தாரை விட்டு மண்ணில் இறங்கி விலகுகிற பழக்கம் ஏது? இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த சிமுலேஷனை இந்தியாவுக்காகத் திரும்ப எழுதினார்கள். நம் கிராமத்துச் சாலையும் மாட்டுவண்டியும் கம்ப்யூட்டருக்குள் போனது, நம்மில் பலர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே!

அடுத்தது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி.தமிழரசனும் ரீபு சக்கரியா கோஷியும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு. ஹெட்டிரோசிம் என்று அந்த சிமுலேஷனுக்குப் பெயர் வந்தது. அவர்கள் செய்த முக்கியமான காரியம், தடம் என்ற கோட்டையே எடுத்துவிட்டது. சாலை முழுவதும் ஒரே வெளி. அதில் ஒவ்வொரு வண்டியும் அதனதன் நீளம், அகலத்தோடு ஒரு செவ்வகக் கட்டம். எங்கே சந்து இருக்கிறதோ அங்கே நுழையும். ஆட்டோவும் பைக்கும் பஸ்ஸும் கலந்து போவதை அப்படித்தான் பிடிக்க முடிந்தது. அதை வைத்துப் பிறகு செய்த ஆய்வுகளில், கையேட்டில் இருப்பது மாதிரி ஒரு வண்டிக்கு ஒரே எண் என்பது பொருந்தாது, கூட்டத்தைப் பொறுத்தும் சாலை அகலத்தைப் பொறுத்தும் அது மாறும் என்று காட்டினார்கள். காலையில் காலிச் சாலையில் போகிற டிராக்டரும், 8 மணிக்கு ஸ்கூல் நேரத்தில் போகிற அதே டிராக்டரும் ஒன்றில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிகிற விஷயம்தான். ஆனால் அதை எண்ணாக்கிக் கொடுத்தால்தான் எஸ்டிமேட்டில் ஏறும்.

சூமோவும் பிற்பாடு திருந்திக்கொண்டது. ஒரே தடத்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு பைக் சேர்ந்து போகும்படி ஓட்டலாம். அக்கா மகள் அந்த வசதியைப் போட்டாள். இடது பக்கம் ஓட்டும் நாடு என்று சொன்னாள். ஷேர் ஆட்டோவுக்குக் கண்ட இடத்தில் நிறுத்தம் கொடுத்தாள். திரை கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஊர் மாதிரி அசிங்கமாக ஆரம்பித்தது.

சாயங்காலம் ஊருக்குள் போகிற அந்தச் சின்ன சாலையில் நடந்து வந்தோம். இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. 'எங்க ஊருக்கு ரோடு வேணும்' என்றால் எல்லோரும் தாரைத்தான் நினைக்கிறோம். 2000 டிசம்பர் 25 அன்று ஆரம்பித்த பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் நாடு முழுக்க எத்தனையோ ஊர்களுக்குத் தார் கொண்டுவந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 3.75 மீட்டர் சாலையில் தாருக்கு இரண்டு பக்கமும் இருக்கிற மண்தான் உண்மையில் இன்னொரு பாதி சாலை. எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பத் திரும்பத் தார் போட்டுப் போட்டு, விளிம்பு மண்ணைவிட அரை அடி உயர்ந்து நிற்கிறது. எதிரே வேன் வந்தால் பைக்காரர் இறங்க வேண்டும்; இறங்கினால் சறுக்கும். யார் இறங்குவது? பெரிய வண்டி இறங்காது. சைக்கிளும் பைக்கும்தான் இறங்கும். மழை பெய்து மண் குழைந்திருந்தால் யாருமே இறங்க மாட்டார்கள், மூக்கோடு மூக்கு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதை அவள் திரையில் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாலையை அகலப்படுத்தாமல், ஓரத்தில் கிராவல் கொட்டி இறுக்கி, தார் மட்டத்துக்கு உயர்த்தினால் என்ன ஆகும் என்று. அகலப்படுத்தியதற்குச் சமமாகவில்லை. ஆனால் ஒருவருக்காக ஒருவர் நின்று காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. அந்தப் பெரியவரின் வயலில் ஒரு சென்ட்கூட எடுக்க வேண்டியதில்லை. அவரை அடுத்த முறை பார்த்தால் சொல்ல வேண்டும்.

உண்மையான சிக்கல் சின்ன சாலையில் இல்லை, அது பெரிய சாலையைத் தொடும் இடத்தில்.

ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரி போகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. 2010-ல் எண் மாற்றுவதற்கு முன்பு நமக்கெல்லாம் பழக்கமான என்.எச். 7. சமயநல்லூரோடு ஊருக்குள் போகிறவர்கள் பரவைப் பக்கம் பிரிந்துவிட, மற்றவர்கள் புறவழியில் கப்பலூரைப் பார்த்து விரட்டுவார்கள். எங்கள் ஊர் அந்தச் சாலையின் ஒரு பக்கம். பால் சொசைட்டியும் ஸ்கூல் பஸ் நிற்கிற இடமும் இன்னொரு பக்கம். நடுவில் சென்டர் மீடியனில் ஒரு திறப்பு. ஊர்க்காரர்கள் அதன் வழியாகத்தான் இத்தனை வருஷமாகக் கடக்கிறார்கள். அங்கே ஆள் போயிருக்கிறது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர். அதனால் திறப்பை மூடிவிடப் போவதாக ஒரு பேச்சு.

மூடிவிட்டால்? திரையில் மூடிப் பார்த்தாள். நெடுஞ்சாலை எண்ணெய் ஊற்றியது மாதிரி ஓடியது. 'மயிரிழை' கணக்கு அந்த இடத்தில் பூஜ்யம். ரிப்போர்ட்டை அங்கேயே முடித்துக் கொடுத்திருந்தால் நல்ல மார்க் வந்திருக்கும். ஆனால் அடுத்த யு-டர்ன் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. போக ஒன்றரை, வர ஒன்றரை. எதிர்ப்பக்கக் கடையில் கால் கிலோ ரவை வாங்க மூன்று கிலோமீட்டர் யார் சுற்றுவார்கள்? ஓரமாகவே எதிர்த்திசையில் வருவார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் வருகிற தடத்தில், எதிரே, லைட் இல்லாத எக்ஸ்எல். மென்பொருளில் வண்டிகள் தாமாக இப்படி எதிர்த்திசையில் வராது. அதனால் சாலை விளிம்பில் எதிர்ப்பக்கமாக ஒரு மெல்லிய தடம் வரைந்து, அதில் டூவீலர் மட்டும் போகலாம் என்று எழுதி, எங்கள் ஊர்க்காரர்களை அதில் ஓட விட்டாள். பூஜ்யம் பூஜ்யமாக இல்லை. ஆபத்து ஓரிடத்திலிருந்து எடுத்து ஒன்றரை கிலோமீட்டருக்குத் தேய்க்கப்பட்டிருந்தது.

இதற்கு நடுவில் ஒரு திசைதிருப்பல். பக்கத்தில் தேனூர் இருக்கிறது. அந்தக் காலத்தில் கள்ளழகர் ஆற்றில் இறங்கியது தேனூரில்தான் என்றும், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்றும் இந்தப் பக்கம் சொல்வார்கள். இன்றைக்கும் வண்டியூரில் அழகர் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். பதினேழாம் நூற்றாண்டில் ஒரு ராஜா சாமியின் பாதையையே மாற்றினார். லட்சக்கணக்கான ஜனங்களின் நடை மாறியது. ஆனால் பழைய ஊர்க்காரர்கள் தங்கள் பெயரைப் புது இடத்திலும் கல்லில் வைத்துவிட்டார்கள். ஒரு பாதையை மாற்றினால் யாருக்கு எது போகிறது என்பது அப்போதே பேச்சாக இருந்திருக்கும் போல. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். ''சித்திரைத் திருவிழா அன்னிக்கு எண்ணக் கூடாது மாமா, கணக்கு கெட்டுரும்'' என்று அவள் கவலை அவளுக்கு.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்தது. அக்காவின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், எழுபதைத் தாண்டியவர். இரண்டு மாடு வைத்திருக்கிறார். தினமும் காலையும் மாலையும் பால் தூக்கோடு அந்தத் திறப்பு வழியாகத்தான் சொசைட்டிக்குப் போவார். போகாதீர்கள் என்று பையன் சொல்லி, மருமகள் சொல்லி, எல்லோரும் சொல்லி ஓய்ந்தாயிற்று. கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

''இந்தக் கம்ப்யூட்டர்ல நான் வருவேனா?''

அக்கா மகள் ஒரு நிமிஷம் பேசவில்லை. எங்கள் காகிதத்தில் நடந்து போகிறவர்களுக்குக் கட்டமே இல்லை. ஆட்டுக்கு மட்டும் இல்லை, அப்பத்தாவுக்கும் இல்லை. ''வருவீங்க அப்பத்தா, இருங்க'' என்று தட்ட ஆரம்பித்தாள்.

நடப்பவர்களையும் இந்த மென்பொருளில் சேர்க்கலாம். முதலில் அவள் போட்ட கடவையில் ஒரு நீலப்புள்ளி சாலையோரம் வந்தது. அவ்வளவுதான், நெடுஞ்சாலையில் வந்த கார், லாரி எல்லாம் மரியாதையாக நின்று வழிவிட்டன. ஜெர்மனியில் அப்படி நிற்பார்களாம். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ''நம்மூர்க் கடவை'' என்று சொல்லி மாற்றினாள். இப்போது வண்டிகள் நிற்கவில்லை, புள்ளிதான் நின்றது. இடைவெளி வந்ததும் விறுவிறுவென்று கடந்தது.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. ''என்ன இது இப்புடி ஓடுது? தூக்குல பாலு சிந்தாதா?''

சிக்னல் கணக்குகளில் நடப்பவரின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அவளும் அதைத்தான் போட்டிருந்தாள். மறுநாள் காலை வாசலில் டேப் பிடித்து 10 மீட்டர் அளந்தோம். அத்தை தூக்கோடு நடந்தார். செல்போனில் நான் நேரம் பார்த்தேன். 14 விநாடி. அதாவது விநாடிக்கு 0.7 மீட்டர்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். அதற்கு சிமுலேஷன்கூட வேண்டாம், பென்சில் போதும். நான்குவழிச்சாலையில் ஒரு பக்கம் 7 மீட்டர் தார், விளிம்பில் ஒன்றரை மீட்டர். மொத்தம் எட்டரை. அத்தை அதைக் கடக்க 12 விநாடி. இந்த மாதிரிச் சாலையில் காருக்கு அனுமதித்த வேகம் 100 கிலோமீட்டர். விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். 12 விநாடியில் 330 மீட்டருக்கு மேல். ஆக, அத்தை காலை எடுத்து வைக்கிற நேரத்தில், மூன்றில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வருகிற கார் அவர் கண்ணில் பட வேண்டும், அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்றும் தெரிய வேண்டும். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அதுவும் நடுவில் ஒரு பஸ் நின்றால்? எங்கள் பஸ் நிறுத்தம் திறப்புக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் இறங்கிக் கடக்கிறவருக்கு அடுத்த தடத்தில் வருகிற வண்டியே தெரியாது. நிறுத்தத்தைத் திறப்பைத் தாண்டி வைத்தால் ஜனம் பஸ்ஸுக்குப் பின்பக்கமாகக் கடக்கும், வருகிற வண்டி தெரியும். இதைத் திரை சொல்லவில்லை. அத்தை சொன்னார். ''பஸ்ஸு நிக்கையில மட்டும் நான் போகவே மாட்டேன்'' என்று. இத்தனை வருஷம் உயிரோடு கடந்தவரின் சூத்திரம் அது.

எனக்கு சிமுலேஷன் மீது இருந்த பிரமிப்பு போய், ஒரு மாதிரி சிநேகம் வந்தது அப்போதுதான். அது ஜோசியம் இல்லை. நாம் எண்ணிக் கொடுத்ததைத்தான் ஓட்டிக் காட்டும். எண்ணாதவர்கள் அதில் பிறக்கவே இல்லை. ஆனால் எண்ணிக் கொடுத்துவிட்டால், நெடுஞ்சாலை பற்றி ஒரு வார்த்தை பேசத் தெரியாத பத்துப் பேர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, 'இப்படி இல்லை, அப்படி' என்று சொல்ல முடிகிறது. சாலை போட்ட பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மலிவு.

அவள் இப்போது நான்கு அமைப்புகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். திறப்பு இப்போது இருக்கிறபடி, மூடியபடி, நிறுத்தத்தைத் தள்ளி வைத்து, வேகம் குறைக்கும் ஏற்பாடுகளோடு, அடியில் மாடும் மனுஷனும் போகிற அளவுக்கு ஒரு சுரங்கப்பாதையோடு. கடைசியானதுதான் எல்லோருக்கும் ஆசை. செலவும் அதற்குத்தான். ஒவ்வொன்றையும் ஒரு முறை ஓட்டினால் போதாதாம். வண்டிகள் வந்து சேரும் நேரத்தை மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். மே 1 கிராம சபையில் திரையைக் காட்டி, மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். அதற்கு முன் புதன்கிழமை ஒன்றில் இன்னொரு முறை எண்ண வேண்டும். இந்த முறை காகிதத்தில் நடப்பவர்களுக்குக் கட்டம் உண்டு. தனியாகப் பெரியவர்களுக்கும் ஒன்று. ஆட்டுக்கும் கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னாள்.

நான் கிளம்புவதற்கு முன் 0.7 என்று மாற்றிவிட்டு மறுபடி ஓட விட்டாள். லேப்டாப் விசிறி இரைந்தது. நீலப்புள்ளி சாலையோரம் வந்து நின்றது. கார் போனது, லாரி போனது, இன்னும் இரண்டு கார். புள்ளி நின்றது. பஸ் போனது. புள்ளி நின்றுகொண்டே இருந்தது.

அத்தை குனிந்து பார்த்தார்.

''ஆமா, இதான் நான்'' என்றார். பிறகு மணியைக் கேட்டுவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா மகள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.